கட்டாரிலிருந்து வரும்போது ஒரு மொறிஸ் மைனர்

ஓட்டமாவடி
ஐப்பசி, 2009

அன்புள்ள மச்சான் சுதாகரனுக்கு,

இங்கு எல்லோரும் நலம், அம்மாவின் இடது முழங்கால் தவிர. நீயும் முழங்கால்கள் உட்பட நலமாக இருக்க வேண்டும். மாரி இன்னும் பிடிக்கவில்லை. பாதைகள் எல்லாம் திறந்துவிட்டார்கள். எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஈமெயிலில் எழுதினால் நீ வாசிக்காமலே "ஓம்" என்று பதில் போடுகிறாய். ஆகவே கடிதம்.

நீ அனுப்பிய அறிவிப்பு கிடைத்தது. வருகிற மாதம் வெளிவரப்போகும், துண்டுகளை ஒட்டிக் கட்டும் பிளாஸ்டிக் கார்ப் பெட்டிகள், மூன்று. ஜிப்ரி தன்னுடைய கொமினிகேஷன் கடையில் அதை அச்செடுத்தான். கலர் மை தீர்ந்திருந்தது. உலகத்தின் புதிய கார்கள் ஓட்டமாவடிக்குச் சாம்பல் நிறத்தில் வந்து சேர்ந்தன. கீழே நீ ஒரு வரி எழுதியிருந்தாய். "தைக்கு ஊருக்கு வாறன். ஒண்டு கொண்டுவரலாம். எது எண்டு சொல்லுங்க." நீ அதைச் சாதாரணமாக எழுதியிருப்பாய். இங்கே அது சாதாரணமாக வாசிக்கப்படவில்லை.

எங்கள் கார் கட்டும் வட்டம் எப்படித் தொடங்கியது என்று உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. சுனாமிக்குப் பிறகு நாங்கள் பள்ளிக்கூட முகாமில் இருந்தபோது வெளிநாட்டிலிருந்து விளையாட்டுச் சாமான் வந்தது. பொம்மைகளும் பந்துகளும் உடனே முடிந்தன. ஒரு பெட்டி மட்டும் மிஞ்சியது. மூடியில் அழகான கார். உள்ளே துண்டு துண்டாகப் பிளாஸ்டிக். "உடைஞ்ச காரையா நமக்கு அனுப்பியிரிக்கானுகள்," என்று முகாமில் கொதித்தார்கள். நிறுவனத்திடம் புகார் போனது. அந்த வெள்ளைக்காரப் பெண் மன்னிப்புக் கேட்டாள், அடுத்த முறை பத்திரமாகக் கட்டி அனுப்புவதாகச் சொன்னாள். புகாரை ஆங்கிலத்துக்கும் மன்னிப்பைத் தமிழுக்கும் மாற்றியவன் நான். கம்பஸ் படிப்பு அன்றைக்குத்தான் முதலில் உதவியது.

அந்தப் பெட்டியை மூன்று பேர் எடுத்தோம். நான். சோற்றுப் பார்சல் கொண்டுவந்த ஜிப்ரி. பிள்ளைகளின் பல் பார்க்க வந்த சுலோஜனா அக்கா. வெல்லாவெளிக்காரர், பல் கிளினிக்கில் வேலை. பல் சுரண்டும் பழைய ஊசிகள் அவரிடம் இருந்தன. அதுவே வட்டத்தின் ஆயுதக் கிடங்கு.

பக்கத்தில் நாலாவதாக ஒருவர் வந்து குந்தியிருந்தார். பனிச்சங்கேணிக் கோணாமலை அண்ணன். ஹயர் கார் ஓட்டியவர். அவருடைய மொறிஸ் மைனரைக் கடல் வந்து தூக்கி வாவிக்குள் போட்டிருந்தது. நாங்கள் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாங்கள் காரை ஒட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

"இது ஓடுமா?"

"ஓடாது அண்ண."

தலையாட்டினார். எழும்பிப் போனார்.

அதற்குப் பிறகு எத்தனையோ கார் கட்டினோம். இப்போது அவர் இங்கே அரிசி ஆலையில் காவல். ஒவ்வொரு கார் முடியும்போதும் வருவார், அதே கேள்வி, அதே தலையாட்டல். இழந்தவனின் கேள்வி என்று நாங்கள் முடிவு செய்தோம். ஒருவருக்கொருவர் அதைப் பற்றி மெதுவான குரலில் பேசிக்கொண்டோம்.

நாங்கள் கார் கட்டும் நிலைமையும் உனக்குத் தெரியாது. பூச்சு என்றால் நகத்துக்குப் போடும் கியூட்டெக்ஸ். ஜிப்ரியின் மதினி றம்லாவின், காப்பும் பொட்டும் விற்கும் பென்சிக் கடையில் வாங்குவோம். சிவப்பும் ரோஸும் தாராளம். சாம்பல், பச்சை இல்லவே இல்லை. "அந்த நிறத்தில நகம் இரிக்கிற பொண்ண எங்க கண்டீங்க, எனக்கும் காட்டுங்க," என்பார் றம்லா. நான் அடிக்கடி கியூட்டெக்ஸ் வாங்குவது அம்மாவின் காதுக்குப் போய், பெண் யார் என்று ஒரு கிழமை வீட்டில் விசாரணை. கார் என்று சொன்னேன். அம்மாவுக்கு அது பெண்ணைவிடக் கவலையாக இருந்தது.

சண்டைக் காலத்தில் சுலோஜனா அக்கா பாதி ஒட்டிய கார் ஒன்றைச் சாப்பாட்டுப் பெட்டிக்குள் வைத்து ஊருக்குக் கொண்டுபோனார். சோதனைச்சாவடியில் பெட்டியைத் திறந்த ஆமிக்காரர் மற்றவரைக் கூப்பிட்டார். மற்றவர் பெரியவரைக் கூப்பிட்டார். பெரியவர் காரைக் கையில் எடுத்து, கண்ணுக்கு நேராகப் பிடித்து, கீழே மேலே பார்த்து, சிங்களத்தில் சொன்னார்: முன் அச்சு கோணல். திருப்பிக் கொடுத்துவிட்டார். அச்சு கோணல்தான். எங்கள் மூவரில் ஒருவரும் அதுவரை அதைச் சொல்லவில்லை.

இனி உன் அறிவிப்புக்கு வருகிறேன்.

அதன் கீழே உலகெங்கும் உள்ள கார்ப் பெட்டிக்காரர்கள் எழுதிய கருத்துகளையும் நீ ஒட்டியிருந்தாய். நன்றி. ஒருவர் இந்த மொறிஸுக்காகப் பாதி ஆயுள் காத்திருந்தாராம். இப்போது முன்விளக்கு ஒரு நூல் பெரிதாக இருக்கிறதாம். தூக்கம் போய்விட்டதாம். இன்னொருவர், இப்படி ஒரு கதவுப் பிடியைச் செய்த கம்பனியின் பெட்டியை இனிச் சாகும்வரை தொடமாட்டேன் என்கிறார். ஜிப்ரி அதை இரண்டு தரம் வாசித்தான். "நம்மட ஆள்," என்றான். முகம் தெளிந்திருந்தது.

முதல் பெட்டி, ஒரு வான். வெள்ளை பூசவும் என்று போட்டிருந்தது. ஆட்களை ஏற்றிப்போய்த் திருப்பிக் கொண்டுவராத வான்களும் வெள்ளைதான். வேறு நிறமும் பூசலாமே என்றேன். ஜிப்ரி தாளில் அந்தப் பகுதியைப் பின்னால் மடித்தான்.

இரண்டாவது, கூரையில்லாத இரண்டு சீட் கார். நீளமான மூக்கு. "பின்சீட்டும் இல்ல, டிக்கியும் இல்ல. ஒரு மூட்டை அரிசி ஏத்த ஏலா. இத வெச்சு என்ன செய்யிற?" என்றான் ஜிப்ரி. சுலோஜனா அக்கா, மழைக்கு என்ன செய்வார்கள் என்று கேட்டார். இந்தக் காரை நிராகரிக்க ஒரு நிமிடம் ஆகவில்லை.

மூன்றாவது, மொறிஸ் மைனர். நான்கு கதவு. அளவு, உண்மைக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கு.

இதற்கு வாக்குவாதம் தேவைப்படவில்லை. கோணாமலை அண்ணனின் கார். அவருக்குச் சொல்லாமல், அச்சாக அவருடைய காராகவே கட்டி, அவர் கையில் வைப்பது. வட்டம் இதுவரை முழுதாக ஒத்துப்போன ஒரே விஷயம் இதுதான்.

பிறகு எங்களுக்குள் சண்டை தொடங்கியது. படத்தில் நான்கு கதவும் திறக்கின்றன. அவருடைய காரில் பின் இடது கதவு கயிற்றால் கட்டியிருக்கும். படத்தில் இரண்டு வைப்பர். அவருடையதில் ஒன்று. முன்சீட்டுக்குப் பதில் பள்ளிக்கூடக் கதிரை. இந்தப் பிழைகளைக் கம்பனிக்கு எழுத வேண்டும் என்றார் சுலோஜனா அக்கா.

"கம்பனிக்காரன் கோணாமலை அண்ணன்ட காரிலயா அளவெடுத்த?" என்றான் ஜிப்ரி.

"பின்ன வேற ஆர்ட்ட மொறிஸ் கண்ட நீ?"

"லண்டன்ல இரிக்கும்."

"அதுவும் கயிறு கட்டித்தான் இரிக்கும்," என்றார் அக்கா. அவர் அந்தக் காரைக் கண்டதே இல்லை.

சரி, படம் ஒன்று வேண்டும். அவரிடம் கேட்க முடியாது. இருந்த படங்களும் காரோடு போய்விட்டன. ஆகவே போன ஞாயிறு அவர் வேலைக்குப் போன நேரம் பார்த்து நானும் ஜிப்ரியும் பனிச்சங்கேணிக்குப் போனோம், அவருடைய மனைவி கண்ணகை அக்காவிடம் விசாரிக்க. என் சட்டைப்பையில் பேனை இருந்தது. அதுதான் பிழை. பேனையோடு வந்து, கடல் அடித்தபோது உங்களுக்கு என்ன போனது என்று கேட்பவன் யார் என்று அந்த ஊருக்கு நன்றாகத் தெரியும். "கார் என்ன நிறம் அக்கா?" என்றேன், அவர், "காரை விடுங்க தம்பி, தையல் மிசின் ரெண்டு போன, அத எழுதுங்க," என்றார், ஒன்றுதானே இருந்தது என்று பக்கத்து வளவிலிருந்து ஒரு குரல் வந்தது, அந்தக் குரலுக்குரியவரும் வந்தார், அவருக்கு ஒரு தோணியும் வலையும் போயிருந்தன, அவருக்குப் பின்னால் இன்னும் ஆட்கள், எல்லோரும் தாங்களாகவே வரிசையில் நின்றார்கள், வரிசையைக் கண்டு கிராம சேவகரான விதானையார் சைக்கிளில் வந்துவிட்டார், தன்னிடம் சொல்லாமல் எந்த நிறுவனம் என்று கேட்டார், ஜிப்ரி கூசாமல், "மாதிரிக் கார் கட்டுவோர் வட்டம்," என்றான், விதானையார் கொஞ்சம் யோசித்து, "உலர் உணவா, கட்டடமா?" என்றார், இரண்டும் இல்லை, பிளாஸ்டிக் வேலை என்றேன் நான், அவர் முகம் மலர்ந்து, "அப்ப தண்ணித் தாங்கி," என்று சொல்லி முடிக்கவும் வரிசை இரண்டு மடங்கானது. இல்லை என்று சொல்லச் சொல்ல, எத்தனை லீற்றர் என்று கேட்டார்கள். நாங்கள் போகும்போது ஓர் இளநீர் தந்தார்கள். குடித்தோம். அதனால் இன்னும் உறுதியாகிவிட்டது.

கிடைத்த தகவல்கள் இவை. நிறம்: ஜிப்ரிக்குச் சாம்பல், எனக்குப் பச்சை. கண்ணகை அக்கா, "கறள் பிடிச்ச தகர நிறம்," என்றார். கயிறு நீலம் அல்லது மஞ்சள். கதிரை பள்ளிக்கூடத்துடையதா கோயிலுடையதா என்பதில் ஊர் இரண்டாகப் பிரிந்திருக்கிறது.

ஒன்றில் மட்டும் எல்லோரும் ஒத்துப்போனார்கள். காருக்குள்ளே சாரதிக்கு மேலே இருக்கும் கண்ணாடி, பின்னால் பார்க்கும் கண்ணாடி, எப்போதும் கூரையைப் பார்த்தபடிதான் இருக்கும். எனக்கும் அது நினைவிருக்கிறது. ஒருமுறை அந்தப் பின்சீட்டில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு வாழைச்சேனை ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறேன். கண்ணாடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. நானும்.

பிடி உடைந்திருக்கும் என்றான் ஜிப்ரி. எப்படியானாலும் அதை அப்படியே, கூரையைப் பார்க்க ஒட்டுவதென்று தீர்மானம். அந்த வேலையைப் பல் ஊசியால் தானே செய்வதாக சுலோஜனா அக்கா பொறுப்பெடுத்திருக்கிறார். இவ்வளவு சின்ன விஷயத்தில்தான் கோணாமலை அண்ணன் தன்னுடைய காரை அடையாளம் காண்பார் என்பது அக்காவின் கருத்து. எனக்கும் அது சரியாகப் பட்டது.

ஆகவே மச்சான், மொறிஸ் மைனர். நான்கு கதவு உள்ளது. கடையில் அது முடிந்துவிட்டது, இது இருக்கிறது என்று வேறு எதையும் காட்டினால் வாங்காதே. சாம்பல் பூச்சு ஒரு குப்பி. பசை இரண்டு, சப்பாத்துக்குள் வைத்துக் கொண்டுவா. இப்போது சாவடியில் யாரும் அதைப் பிடிப்பதில்லை. ஆனாலும் பழக்கம்.

மாமாவுக்கும் மாமிக்கும் தனியாக எழுதுகிறேன். வெயிலில் தொப்பி இல்லாமல் நிற்காதே. மாமாங்கப் பிள்ளையார் துணையிருப்பார். ஜிப்ரியும் தன் பங்குக்குத் துஆ செய்வதாகச் சொல்கிறான். இரண்டு பக்கத்தாலும் பாதுகாப்பாக வந்து சேர்.

இப்படிக்கு,
உன் மச்சான்
உதயரூபன்

பி.கு.: மேலே எழுதியதை விட்டுவிடு.

கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் கோணாமலை அண்ணன் ஜிப்ரியின் கடைக்கு வந்தார். தண்ணீர்த் தாங்கி எப்போது வரும் என்று கேட்டுவரும்படி மனைவி அனுப்பியிருக்கிறார். இனி மறைக்க வழியில்லை. தாளை அவர் முன்னால் விரித்து, மொறிஸைக் காட்டி, இது உங்களுக்கு என்றோம். மூன்று பேரும் அவருடைய முகத்தையே பார்த்தோம்.

"இத ஆர் கேட்ட?" என்றார்.

தாளைத் திருப்பினார். மடித்திருந்த பகுதியை விரித்து வானைப் பார்த்தார். திரும்பவும் மடித்தார். பிறகு இரண்டு சீட் காரில் விரல் வைத்தார்.

"இதுக்குப் பின்சீட் இல்லையா தம்பி?"

"இல்ல அண்ண."

"டிக்கி?"

"அதுவும் இல்ல. அவசரத்துக்கு ஒராள் படுத்துப் போக ஏலா," என்றான் ஜிப்ரி. குறை சொல்வதாக நினைத்து.

"அப்ப ராவில ஆரும் வந்து கதவத் தட்டமாட்டாங்க," என்றார் கோணாமலை அண்ணன். "இதக் கொண்டுவரச் சொல்லுங்க."

ஜிப்ரிக்கு மனம் வரவில்லை. "மொறிஸ் உங்கட கார் அண்ண. அச்சா அப்பிடியே கட்டுவம். அந்த உள்கண்ணாடிகூட, உடைஞ்ச மாதிரியே கூரையப் பார்க்க வெச்சு..."

"அது உடையல்ல. நான்தான் திருப்பி விட்ட." தாளிலிருந்து விரலை எடுக்கவில்லை. "ஏறக்குள்ள எல்லாரும் மூச்சோடதான் ஏறுவாங்க. வாழைச்சேனைக்கு வந்து சேரக்குள்ள அப்பிடி இல்ல. பார்த்துக்கொண்டு ஓட ஏலா தம்பி."

ஜிப்ரி தாளில் மொறிஸையும் பின்னால் மடித்தான்.

என்ன நிறம் என்று சுலோஜனா அக்கா கேட்டார். தாளில் அதுவும் சாம்பல்தான். "சிவப்பு," என்றார் யோசிக்காமல். றம்லாவிடம் இருக்கிறது. நீ பூச்சுக் கொண்டுவரத் தேவையில்லை.

இது ஓடுமா என்று அவர் கேட்கவில்லை. நான்தான் ஒன்று கேட்டேன். இந்தக் காரிலும் உள்ளே ஒரு கண்ணாடி இருக்கிறது, எங்கே பார்க்க ஒட்டுவது என்று.

"பின்னுக்குத்தான்," என்றார். "அங்கதான் ஒண்டும் இல்லையே."