மூன்று கல்லூரிகளை நான் இணைத்த செவ்வாய்க்கிழமை

நான் போட்ட அந்தத் திட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. இன்றைக்கும் சத்தியம் பண்ணிச் சொல்வேன். அதை நடத்திப் பார்த்ததுதான் தப்பு. காகிதத்தோடு விட்டிருந்தால் எங்கள் பிரின்சிபால் அறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்கள்.

அப்போது எனக்கு முப்பது வயது. தங்கச் சுரங்க ஊரான ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சின்னக் கல்லூரியில் கணக்கு லெக்சரர். உலகத்தில் எனக்குத் தெரியாதது கொஞ்சம்தான், அதுவும் தெரிந்துகொள்ளத் தேவையில்லாதது என்று நம்பிக்கொண்டிருந்தேன். (இப்போதும் பெரிதாக மாறிவிடவில்லை.)

எங்கள் பி.எஸ்சி. கணக்குப் பிரிவில் மொத்தம் பதினொரு பேர். அவர்களுக்குப் புள்ளியியல் கட்டாயப் பாடம். அதை நடத்திக்கொண்டிருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். பாடம் நடத்த ஆள் இல்லையென்றால் பிரிவையே மூட வேண்டியிருக்கும் என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்தது. மூடிவிட்டால் பதினொரு பேரும் விடியற்காலை ரயிலைப் பிடித்துப் பெங்களூர் போய்த்தான் படிக்க வேண்டும். லோகேஸ்வரி என்றொரு மாணவி இருந்தாள். வகுப்பிலேயே கெட்டிக்காரி. அவள் வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள், ரயிலில் போய்ப் படிப்பதாக இருந்தால் படிப்பே வேண்டாம், மாப்பிள்ளை பார்க்கிறோம் என்று. அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. இந்தப் பிரிவை நான் மூட விடுவதில்லை என்று அவளிடமே சபதம் போட்டேன்.

வழியும் கிடைத்தது. எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் பக்கம் இருந்த மகளிர் கல்லூரியில் தேவராஜ் என்று அருமையான புள்ளியியல் ஆசிரியர் இருந்தார். பக்கத்து ஊரான பேத்தமங்களாவில் இருந்த கல்லூரியில் கணக்குக்கு ஆள் இல்லை, ஆனால் கம்ப்யூட்டர் லேப் பிரமாதம். மகளிர் கல்லூரிக்கு லேப் வேண்டும். எங்களிடம் கணக்குக்கு நான் இருந்தேன். ஒருத்தருக்கு இல்லாததை இன்னொருத்தர் கொடுத்தால் தீர்ந்தது. மூன்று பிரின்சிபால்களும் உட்கார்ந்து பேசி, போண்டா சாப்பிட்டு, ஏகமனதாக ஒரு தீர்மானம் போட்டார்கள்: கூட்டுக் கால அட்டவணையைச் சுமதி மேடம் தயாரிக்கட்டும். சுமதி நான்தான்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் சுரங்கத்தில் வைண்டிங் எஞ்சின் ஓட்டியவர். அந்த எஞ்சின் ஆட்களைச் சுரங்கக் குழிக்குள் இறக்கி ஏற்றும் கூண்டுக்குக் கேஜ் என்று பெயர். ஒரு கேஜ் இறங்கும்போது ஜோடிக் கேஜ் மேலே வரும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு கேஜ்கூடக் காலியாக ஓடக் கூடாது என்பது அப்பாவின் வேதம். சாப்பாட்டு நேரத்தில் இதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் நான். கால அட்டவணை போட உட்கார்ந்ததும் எனக்குப் பளிச்சென்று பட்டது. கல்லூரியும் அதே கதைதானே? ஓர் அறையிலிருந்து ஆட்கள் கிளம்பினால் அதே மணிக்கு அங்கே வேறு ஆட்கள் வந்து நிற்க வேண்டும். மூன்று கல்லூரியிலும் எந்த அறையும் எப்போதும் காலியாக இருக்கக் கூடாது.

இரண்டு வாரம் பாடுபட்டேன். சிவப்பு, பச்சை, நீலம் என்று கலர் கலராகக் கோடு போட்டேன். முடித்ததும் ஒவ்வொரு அறையாகச் சரிபார்த்தேன். ஒன்றுகூடக் காலி இல்லை. ஆளுக்கு ஆள் மொத்த அட்டவணையையும் பார்த்தால் குழம்பிப்போவார்கள் என்ற நல்லெண்ணத்தில், அவரவர் எத்தனை மணிக்கு எங்கே போக வேண்டும் என்ற வரியை மட்டும் வெட்டி அவரவருக்கு அனுப்பினேன். (இந்த நல்லெண்ணத்துக்காக என்னை இன்னும் யாரும் மன்னிக்கவில்லை.)

திட்டம் தொடங்கும் செவ்வாய்க்கிழமையே பல்கலைக்கழகக் குழு பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. பிரின்சிபால் என்னைக் கூப்பிட்டார்.

"பதினொரு மணிக்கு அவங்க வராங்கம்மா. நீ அந்நேரத்துக்கு பேத்தமங்களா போறேன்னு போட்டுகினு கீறியே. நீ இங்க இருக்க வேணாமா?"

"திட்டம் கரெக்டா இருந்தா ஆள் எதுக்கு சார்? அதுவா ஓடும்" என்றேன். அந்தத் தோரணையை நினைத்தால் இப்போதும் என்னை நானே நாலு அறை அறையலாம் போலிருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. பேத்தமங்களா கல்லூரியில் எனக்கு ஒதுக்கிய அறைக்குள் கம்பீரமாக நுழைந்தேன். பெஞ்சுகள் இருந்தன. பிள்ளைகள் இல்லை. புதுத் திட்டம், கொஞ்சம் தாமதமாகத்தான் வருவார்கள் என்று கரும்பலகையில் தலைப்பை எழுதினேன். அடியில் கோடு போட்டேன். கோட்டுக்கு அடியில் இன்னொரு கோடும் போட்டேன். அப்போது போன் அடித்தது. பிரின்சிபால்.

"எங்கம்மா கீற?"

"கிளாஸ்ல சார்."

"எத்தினி பேர் கீறாங்க?"

"நான் கீறேன் சார்."

அந்தப் பக்கம் பெருமூச்சு. பிறகு நடந்ததைச் சொன்னார். எங்கள் கல்லூரி இரண்டாம் நம்பர் அறை நிரம்பி வழிகிறதாம். குழுத் தலைவர் சந்தோஷமாக உள்ளே போயிருக்கிறார். தேவராஜ் சார் புள்ளியியல் நடத்திக்கொண்டிருக்கிறார். முன் பெஞ்சில் ஒருவனைப் பார்த்து இது என்ன பாடம் என்று தலைவர் கேட்க, அவன் எழுந்து, "தெர்ல சார். நாங்க பேத்தமங்களாலேர்ந்து கணக்கு படிக்க வந்தோம். சுமதி மேடம் வருவாங்கன்னாங்க. இந்த சார் வந்து இன்னாவோ நடத்தினு கீறாரு" என்று சொல்லியிருக்கிறான். தலைவர் தேவராஜ் சார் பக்கம் திரும்ப, அவர், "நானும் கேக்கலாம்னுதான் இருந்தேன் சார். இவங்க யாரு?" என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் பதினொரு பேர்? நான் போட்டபடியே மகளிர் கல்லூரியில், தேவராஜ் சாரின் காலி நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆசிரியரை மாணவர்களிடம் அனுப்பியிருக்கிறேன். அதே மணிக்கு மாணவர்களை ஆசிரியரிடம் அனுப்பியிருக்கிறேன். எந்த அறையும் காலி இல்லை என்று பார்த்தவள், எந்த அறையில் யாரோடு யார் என்று பார்க்கவில்லை.  லோகேஸ்வரியின் முகம் கண்முன் வந்து நின்றது. அழுகையே வந்துவிட்டது.

ஆனாலும் நான் அசரும் ஆளா? ஓடிப்போய் ஓர் ஆட்டோவைப் பிடித்து, ராபர்ட்சன்பேட்டைக்கு விடச் சொன்னேன். பேத்தமங்களா பிள்ளைகளுக்கு நானே அங்கே போய் வகுப்பு எடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பாதி வழியில் எதிரே ஒரு வேன் வந்தது. ஜன்னல் ஜன்னலாகக் கைகள் நீண்டு ஆடின.

"மேடம்! மேடம்! எங்க போறீங்க?"

பிரின்சிபாலும் அதே யோசனையில் பிள்ளைகளை என்னிடம் திருப்பி அனுப்பிவிட்டிருந்தார். வேன் பேத்தமங்களா பக்கம் போய் மறைந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "இன்னா மேடம், திருப்பட்டா?" என்று கேட்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் போனை எடுத்தேன்.

லோகேஸ்வரிக்குப் போன் போட்டேன்.

"லோகு, எல்லாரையும் கூட்டிகினு உடனே நம்ம காலேஜுக்கு வந்துடு. தேவராஜ் சார் அங்கதான் கீறாரு."

"முடியாது மேடம்."

"இன்னாது?"

"சார் இப்பதான் போன் பண்ணாரு. குழுக்காரங்க கார்ல அவங்களோடவே ஏறி இங்க வந்துகினு கீறாராம். இப்ப நாங்க கிளம்பினா திரும்பவும் வழியிலதான் பாத்துக்கணும். யாராச்சும் ஒருத்தர் நிக்கணும் மேடம். நாங்க நிக்கறோம். நீங்களும் எங்கயாச்சும் நில்லுங்க, ப்ளீஸ்."

மாணவி ஆசிரியரிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் நின்றேன். ஆட்டோவை ஓரம் கட்டச் சொல்லி, ரோட்டோரம் ஒரு புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றேன். என் உத்தியோக வாழ்க்கையில் அந்தக் கல்லூரிகளுக்கு நான் செய்த ஒரே உருப்படியான சேவை அதுதான் என்று பிரின்சிபால் பிற்பாடு சொன்னார்.

குழு மகளிர் கல்லூரிக்குப் போனபோது பதினொரு பேரும் ஆசிரியர் இல்லாமலே போன வருடக் கேள்வித்தாளைப் போர்டில் எழுதிப் போட்டு, ஆளுக்கொரு கணக்காகச் செய்துகொண்டிருந்தார்களாம். லோகேஸ்வரி சாக்பீஸும் கையுமாக நின்றிருக்கிறாள். தேவராஜ் சார் அவள் விட்ட இடத்திலிருந்தே பாடத்தைத் தொடங்க, குழு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து மணி அடிக்கும் வரை கேட்டிருக்கிறது. தலைவர் கிளம்பும்போது அவளிடம், இந்தக் கூட்டுத் திட்டத்தால் உனக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கன்னடத்தில் கேட்டாராம். அவள் கன்னடத்திலேயே, "திட்டம் நல்ல திட்டம் சார். போட்டவங்கதான் கொஞ்சம் அவசரம்" என்றாளாம்.

ஒரு மாதம் கழித்து அறிக்கை வந்தது. பிரிவு தொடரலாம். கூட்டுத் திட்டமும் தொடரலாம். இரண்டு நிபந்தனைகள் மட்டும்: லேப் நேரம் தவிர மாணவர்கள் ஒரே இடத்தில் இருக்க, ஆசிரியர்கள் மட்டும் போய்வர வேண்டும்; அட்டவணையை வேறொருவர் தயாரிக்க வேண்டும். அந்த வேறொருவராக எல்லோரும் லோகேஸ்வரியைத்தான் கைகாட்டினார்கள். ஒரே பக்கத்தில், ஒரே பேனாவில், அரை நாளில் எழுதி முடித்தாள். என் கலர்க் கோடுகளை அவள் தொடவே இல்லை. எனக்கு வருத்தம்தான், ஆனால் அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. அவள் ரயிலேறாமலே பட்டம் வாங்கினாள்.

வீட்டில்தான் எனக்கு விமோசனம் இல்லை. கடைத்தெருவில் யாராவது யாரையாவது தவறவிட்டால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "பேத்தமங்களா ஆயிடுச்சு". என் பெண்ணின் ஸ்கூல் தோழிகள்வரை இது பரவியிருக்கிறது. போன மாதம் அப்பா கண் பரிசோதனைக்குப் போயிருந்தார். முடிந்ததும் கூட்டிவர நான் ஆட்டோ பிடித்துக்கொண்டிருக்கும்போதே அவரிடமிருந்து போன்.

"சுமதி, நீ கிளம்பிட்டியா?"

"இப்பதான் கிளம்பறேன்ப்பா. நீங்க எங்க கீறீங்க?"

"ஆஸ்பத்திரி கேட்டாண்ட. வா. எனக்கு சொட்டு மருந்து விட்டு கண்ணு தெரியல. தெரிஞ்சாலும் நீ வந்து சேர்ற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டேன், பயப்படாத."