மதிய இடைவேளையில் கண்டினியூட்டி

தெரியாத வேலையைத் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு தைரியம் வேண்டும். எனக்கு அது இல்லை. தெரியும் என்று சொல்வதற்கும் தைரியம் வேண்டும். அது மட்டும் என்னிடம் தேவைக்கு மேலேயே இருந்தது.

ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் பயிற்சியாளராக இருந்தேன். மத்திகிரியில் மூன்று பெண்களோடு வாடகை வீடு. பயிற்சி முடிய ஒரு மாதம்தான் பாக்கி. பர்மனென்ட் ஆனால் ஓசூர், ஆகாவிட்டால் சொந்த ஊர் கெலமங்கலம். அங்கே அத்தாவுக்குப் புளி மண்டி. (எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்றுதான் கூப்பிடுவோம்.) "கடையில ஃபேன் இருக்குது, சேர் இருக்குது. கம்பெனியில அப்படி என்னத்தக் கண்ட?" என்று வாராவாரம் கேட்பார். புளி மூட்டைகளுக்கு நடுவே என்னை நினைத்துப் பார்த்தாலே எனக்குப் பல் கூசும்.

அப்போதுதான் கம்பெனி ஒரு பாதுகாப்புப் படம் எடுக்க முடிவு செய்தது. தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்தால் என்ன ஆகும் என்பது கதை. பெங்களூரிலிருந்து டைரக்டரும் கேமராவும் வந்தார்கள். எச்.ஆர். மேடம் எங்களை வரிசையில் நிறுத்தி, "யாருக்காச்சும் ஷூட்டிங் பத்தித் தெரியுமா? நல்லா செஞ்சா, கன்ஃபர்மேஷன் லிஸ்ட் போடறப்ப ஞாபகம் வெச்சுக்குவேன்" என்றார். நான் யோசிப்பதற்குள் என் கை எழுந்துவிட்டது. (சினிமா மேக்கிங் வீடியோக்களைச் சாப்பிடும்போது பார்ப்பேன். அதுவும் பாதிதான். சாப்பாடு முடிந்துவிடும்.)

டைரக்டர் மஞ்சுநாத் சார் மரியாதையான மனிதர்.

"கண்டினியூட்டி பாத்துக்குவீங்களா மா?"

"பாத்துக்குவேன் சார்."

"ஷாட்டுக்கு ஷாட் எதுவும் மாறக்கூடாது. ஃபோட்டோ எடுத்து வெச்சுக்குங்க. ஒவ்வொண்ணையும் அதோட ஒப்பிட்டுப் பாருங்க."

அட, இதைத்தானே ஐந்து மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன்! எங்கள் கம்பெனியில் ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் ஒரு போட்டோ ஒட்டியிருக்கும், இந்த இடம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று. ஸ்பானர் அதன் கோட்டுக்குள், தொட்டி மஞ்சள் கட்டத்துக்குள், தரை பளபளவென்று. எது போட்டோவிலிருந்து விலகினாலும், பார்த்தவர் சரிசெய்துவிட வேண்டும். ஆகவே மறுநாள் காலை ஏழு மணிக்கு, படக்குழு வந்து எதையும் தொடுவதற்கு முன்பே, பத்து போட்டோ எடுத்துவிட்டேன். (முன்யோசனையாம்.)

விழுகிறவராக நடித்தது எங்கள் ஆபரேட்டர் முருகேசண்ணன். தரையில் கறுப்பு எண்ணெய் ஊற்றினார்கள். போல்ட் தொட்டியைக் கவிழ்த்தார்கள். ஸ்பானர்களை இறைத்தார்கள். அவர் சட்டையில் கறை தடவி, நெற்றியில் சிவப்புச் சாயம் வைத்தார்கள். மொத்த இடமும் தெரிகிற மாதிரி தள்ளி நின்று எடுக்கிற வைட் ஷாட்டுக்குப் பதினொரு டேக் போனது. முருகேசண்ணன் பதினொரு தடவையும் மனசார விழுந்தார்.

"லஞ்ச்! வந்து, விழுந்து கிடக்கறவரைக் கிட்டத்துல க்ளோஸ் ஷாட் எடுக்கலாம். கண்டினியூட்டி பாத்துக்குங்க மா" என்று சொல்லிவிட்டு டைரக்டர் போனார்.

இடத்தைப் பார்த்தேன். போட்டோவைப் பார்த்தேன். யா அல்லாஹ்! ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

நான் சாப்பிடப் போகவில்லை. மரத்தூள் போட்டு எண்ணெயை உறிஞ்சி, சோப்புத் தண்ணீர் விட்டு மூன்று முறை துடைத்தேன். போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துத் தொட்டியில் போட்டேன். கொஞ்ச நேரத்தில் முருகேசண்ணன் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தார்.

"ஏம்மா ரெஹானா, நெத்தி இப்படியே இருக்கட்டுமா?"

"காலையில போட்டோவுல இல்லீங்கண்ணா."

"அப்ப சட்டை?"

"அதுவும் இல்லீங்க. ஸ்டோர்ல புதுசு வாங்கிப் போட்டுக்கங்க."

"சினிமாக்காரங்க இவ்வளவு சுத்தம்னு தெரியாமப் போச்சே" என்று மெச்சியபடி முகம் கழுவப் போனார்.

திரும்பி வந்த டைரக்டர், வேறு இடத்துக்கு வந்துவிட்டோமோ என்று பக்கத்து லைனை எட்டிப் பார்த்தார். நான் போனை நீட்டி, "எல்லாம் போட்டோ மாதிரியே இருக்குது சார். செக் பண்ணிக்குங்க" என்றேன். "அய்யோ தேவரே!" என்று கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டு, அவர் போல்ட் தொட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். (தொட்டி மஞ்சள் கட்டத்தைவிட்டு நகர்ந்தது. நான் அதை அப்போது சொல்லவில்லை.)

மிச்சமிருந்த எண்ணெயைக் கழிவுப் பீப்பாயில் ஊற்றியிருந்தேன். சிவப்புச் சாயத்தை, லேபிள் இல்லாத ரசாயனம் என்று ஸ்டோரில் ஒப்படைத்திருந்தேன். இன்னொரு சொட்டு எண்ணெய் சிந்த சேஃப்டி ஆபீசர் சம்மதிக்கவில்லை. மூன்று மணிக்கு லைன் ஓடியாக வேண்டும். வேறு வழியில்லாமல் இருந்ததை வைத்தே க்ளோஸ் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் கேன்டீனில் படம் போட்டார்கள். வைட் ஷாட்டில் ஒரு மனிதர் கறுப்பு எண்ணெயில் வழுக்கி, போல்ட்டுகளுக்கு நடுவே குப்புற விழுகிறார். க்ளோஸ் ஷாட்டில் அதே மனிதர் மடிப்புக் கலையாத புதுச் சட்டையோடு, பளபளக்கிற தரையில் படுத்துக்கொண்டு "அம்மா!" என்று கத்துகிறார். யாரோ விசிலடித்தார்கள். பிளான்ட் மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. நான் பாத்ரூமில் போய் அழுது தீர்த்துவிட்டு அத்தாவுக்குப் போன் போட்டேன்.

"அத்தா, கடையில ஃபேன் ஓடுதுங்களா?"

"நல்லா ஓடுது. வந்துரும்மா."

மறுநாள் பிளான்ட் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் எச்.ஆர். மேடம்.

"அந்த ரெண்டு ஷாட்டுக்கும் நடுவுல என்னென்ன மாறியிருக்குது? எங்க ஆடிட் டீம் ஒம்பது கண்டுபிடிச்சிருக்காங்க."

நான் மூச்சுவிடாமல் பதினாலு சொன்னேன். (பார்த்துச் சொல்லவில்லை. செய்ததைச் சொன்னேன்.)

அவர் மேடத்திடம் திரும்பினார். "புதுசா சேர்ற ஒவ்வொரு பேட்ச்சுக்கும் இதையே போடுங்க. மாறினதக் கண்டுபிடிக்கட்டும். இந்தப் பொண்ணே கிளாஸ் எடுக்கட்டும்."

கிளாஸ் எடுக்க ஆள் வேண்டுமே, அதனால் பர்மனென்ட் ஆனேன். ஆறு வருஷமாக என் அவமானத்தை நானே சம்பளத்துக்குத் திரையிட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதற்கிடையே மஞ்சுநாத் சார் போன் செய்து, படத்திலிருந்து தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். கேமராமேனும் சொன்னார். எடிட்டர் கடிதமே எழுதினார். இப்போது கடைசியில் ஒரே ஒரு வரிதான் வரும்: கண்டினியூட்டி – ரெஹானா.

அத்தா அந்தப் படத்தைத் தன் போனில் வைத்திருக்கிறார். புளி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம், "எம் மக எடுத்த படம்" என்று போட்டுக் காட்டுவார். "டைரக்டர் யாருங்க பாய்?" என்று யாராவது கேட்டால், கடைசி வரியில் நிறுத்திப் போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டுவார்.

"வேற யார் பேராச்சும் இருக்குதா, நீயே பாரு."