பாலிசிப் பண்டிதரும் மூக்கில் போன கடலையும்

மலைநாட்டுத் தோட்டங்களில் அட்டை உண்டு, சிறுத்தை உண்டு, மழைக்காலத்தில் மண்சரிவும் உண்டு. இவை எல்லாவற்றிடமிருந்தும் தப்ப ஏதாவது ஒரு வழி இருக்கிறது. வழியே இல்லாத ஜீவராசி ஒன்றுதான். அதன் பெயர் பாலிசிப் பண்டிதர்.

உங்களுக்கு அவரைத் தெரியும். சொந்தமாக ஒரு சைக்கிள்கூட இருக்காது; ஆனால் அடுத்தவன் வாகனத்தின் இன்சூரன்ஸ் பத்திரத்தைக் கரைத்துக் குடித்திருப்பார். காமன் கூத்தில் ஊரே ஆடிக் களித்துக் காமனைக் கொளுத்தும்போது, பக்கத்து லயத்து வரிசைவீட்டுக் கூரைக்குத் தீ இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்பார்; மழையில் வழுக்கி விழுந்தவனைத் தூக்கிவிடாமல், ஒடிந்தது வலக்கையா இடக்கையா, வலக்கைக்கல்லவா தொகை அதிகம் என்று அனுதாபப்படுவார்; புது மாப்பிள்ளையைப் பந்தலுக்குப் பின்னால் அழைத்துப்போய், அவன் செத்தால் பெண்ணுக்கு என்ன கிடைக்கும் என்பதைச் சந்தோஷமாக விளக்குவார். கடைசியில், "சின்ன எழுத்தப் பாத்தீங்களா?" என்பார். யார் பார்த்தார்கள்? அதைப் பார்ப்பதற்கென்றுதானே கடவுள் அவரைப் படைத்திருக்கிறார்!

லிந்துலைக்கு மேலே எங்கள் தோட்டத்தில் இந்த இனத்துக்கு ஆண்டியப்பன் என்று பெயர். ஆபீசில் கிளாக்கர்.

அவர் கையில் அகப்பட்டவர் நாகலெட்சுமி அம்மா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகையில் கைப்பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராக்களுக்கு அவர்தான் பொறுப்பு. தோட்டத்தின் மேல்பிரிவான மேற்கணக்கில் ஒன்று, கீழ்க்கணக்கில் ஒன்று. நடுவில் மூச்சு வாங்கும் ஏற்றம். லிந்துலையில் மோட்டார் பழுதுபார்க்கும் அவருடைய அண்ணன், நாலைந்து செத்த கார்களிலிருந்து உயிருள்ள பாகங்களைப் பொறுக்கி, ஓர் ஒஸ்டின் காரை உருவாக்கித் தங்கைக்குக் கொடுத்தார். பெண்ணொருத்தி கார் ஓட்டுவதைப் பார்த்துத் தோட்டமே வாயைப் பிளந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு தேங்காய் உடைத்தது. தேயிலைத் தொழிற்சாலைச் சக்கரங்களைக் காக்கிற ரோதைமுனிக்குப் பூசை போட்டு, நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள். எல்லாரும் விபூதி கேட்டார்கள். பண்டிதர் பாலிசியைக் கேட்டார்.

"சொந்தக் காரியம், வீட்டுக் காரியம், உல்லாசம், இந்த மூனுக்குத்தாங்கம்மா இதுல எடம். சம்பளத்துக்குச் செய்யிற வேலைக்கு இல்ல. புள்ளக்காம்பராவுக்குப் பால் வாளிய ஏத்துனீங்கன்னா செல்லாது."

"மடியில வச்சுக்கிட்டாங்க?"

"மடியும் காருக்குள்ளதானங்க இருக்கு!"

அவர் சொன்னது பொய்யா? இல்லை. அதுதான் இந்த இனத்தின் கொடுமை; இவர்கள் சொல்வது எப்போதும் சரியாகவே இருந்து தொலைக்கும். வேலைக்கும் சேர்த்து எழுதித் தரச் சொல்லி நாகலெட்சுமி அம்மா கொழும்புக் கம்பனிக்கு எழுதிப் போட்டார். பதில் வருகிறவரை பால் வாளி தலையில் ஏறி மலை ஏறியது. கார் நிழலில் நின்று இளைப்பாறியது.

இப்படியிருக்கையில்தான் ஒருநாள் காலை, ராக்காயியின் மகன் சின்னத்தம்பி, பல் முளைத்த பெருமையில் கிடைத்ததையெல்லாம் கடித்துக்கொண்டிருந்தவன், ஒரு கடலையை வாயில் போடாமல் மூக்கில் போட்டுக்கொண்டான். தோட்டத்து மருந்துச்சாலை டிஸ்பென்சர் எட்டிப் பார்த்தார். "எங்கிட்ட இதுக்கு ஆயுதம் இல்ல. கடல ஊறுனா உப்பிக்கும், உள்ள போயிட்டா மூச்சு முட்டிப்போகும். லிந்துலை ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க." தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டிகளோடு ஹட்டனுக்குப் போயிருந்தது. மலையிலிருந்து ராக்காயி கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். நாகலெட்சுமி அம்மா காரைக் கிளப்பினார். காருக்கு முன்னால் யார் நின்றது?

"நிறுத்துங்கம்மா! புள்ள காம்பராப் புள்ள. அப்ப இது வேலை. வழியில ஒன்னு ஆச்சுன்னா கம்பனி கைய விரிச்சிரும்."

"புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்க கிளாக்கரய்யா!"

"இருங்க, வழி இருக்கு. இது ஒங்க சொந்தக் காரியமா? இல்ல. ஒங்க வீட்டுப் புள்ளையா? இல்ல. மிச்சம் உல்லாசம்! உல்லாசமாப் போங்க, செல்லும். ராக்காயி, மொதல்ல அழுகைய நிப்பாட்டு. அழுதா உல்லாசம் இல்ல. தலையில ஒரு பூ வையி."

தாய் பிள்ளையை ஏந்திக்கொண்டு நிற்கிறாள்; இந்த மனிதர் பக்கத்து வேலியில் பூத் தேடுகிறார்! லயத்துச் சுவர்களைப் பற்றித்தான் தெரியுமே, முதல் காம்பராவில் தும்மினால் கடைசிக் காம்பராவில் 'நூறாயுசு' என்பார்கள். உல்லாசம் என்ற சொல் அந்தச் சுவர்களைத் துளைத்துக்கொண்டு ஓடியது. கடலைச் சேதி மட்டும் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. வேலைக்குப் போகாதிருந்த அம்மாக்கண்ணு ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து ஏறினாள். வீரய்யா தீபாவளிச் சட்டையைப் போட்டுத் தப்பு மேளத்தையும் எடுத்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். பண்டிதருக்கு ஆனந்தம் தாங்கவில்லை. "தப்பு அடிங்க வீரய்யா! சாட்சி வேணும்!" வீரய்யா அடித்தார். ரேடியேட்டர் கொதித்தது. பிள்ளையின் மூக்கு இஞ்சிக் கிழங்காய் வீங்கியது.

அத்தோடு விட்டாரா? உல்லாசம் கடைசிவரை ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க, முன்சீட்டுக் கதவைத் திறந்து தாமே ஏறி உட்கார்ந்துகொண்டார். அது பிள்ளையோடு ராக்காயி உட்கார வேண்டிய இடம்.

நாகலெட்சுமி அம்மா அவரை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிளாக்கரய்யா, நீங்க கூட வந்தா எங்களுக்கு எங்கிட்டுங்க உல்லாசம்? இன்சூரன்ஸ் செல்லாதுங்க. எறங்குங்க!"

பண்டிதர் மூன்று காரியங்களையும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சட்டம் அவருக்கு எதிராகவே இருந்தது. அம்மாக்கண்ணு பின்னாலிருந்து தள்ள, தப்பு முழங்க, அவர் கொழுந்துச் செடிக்குள் இறங்கினார். ராக்காயி பிள்ளையோடு தாவி ஏறினாள். ஒஸ்டின் இருமிக்கொண்டே இறக்கத்தில் பறந்தது. தப்புச் சத்தத்தில் பிள்ளை அழுகையை மறந்து கைகொட்டியது. ராக்காயி பூ வைத்த தலையோடு முனியையெல்லாம் கூப்பிட்டு அழுதாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒரு கொக்கியை விட்டுக் கடலையை வெளியே இழுத்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் உள்ளே இறங்கியிருக்கும் என்றார். அதைக் கேட்டு ராக்காயி பிள்ளையை முத்தமிட்ட வேகத்தில் டாக்டருக்கும் கண் கலங்கியது.

அந்திசாய அவர்கள் திரும்பி வருகையில் பண்டிதர் வளைவிலேயே காத்து நின்றார். கேட்டாரே ஒரு கேள்வி: "காருக்கு ஒன்னும் ஆகலையே?"

சிரிக்கிறீர்களா, வாசகரே? சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். கார் இறக்கத்தில் பறந்தபோது, 'அந்த வளைவில் கவிழ்ந்திருந்தால் கம்பனி கொடுத்திருக்குமா, மாட்டாதா?' என்று உங்கள் மனத்தின் ஒரு மூலை கணக்குப் போட்டதா இல்லையா? போட்டதென்றால், தயவுசெய்து முன்சீட்டை விட்டு இறங்குங்கள். வெளியே ராக்காயி பிள்ளையோடு நிற்கிறாள்.