சவுண்டர் சொன்ன ‘ஓம்’

யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்கத் தேடினாலும் எங்கள் சவுண்டரைப் போல் பாவத்தை வெறுத்த இன்னொரு மனிதரைக் காட்ட முடியாது. இத்தனைக்கும் அவர் கிறிஸ்தவர் அல்ல. நெற்றி நிறையத் திருநீறு பூசி, வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற சைவக்காரர். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில். அதனால் ஊருக்கு அவர் சவுண்டர். சொந்தப் பெயர் அவருடைய அடையாள அட்டைக்குத்தான் தெரியும்.

பண்டத்தரிப்புப் பக்கம் உள்ள எங்கள் சின்னத் தேவாலயத்துக்கு அவர் ஞாயிறுதோறும் வரத் தொடங்கியது ராணியக்காவால். ராணியக்கா எங்கள் சபையில் காலம் காலமாகப் பாட்டுகளுக்கு ஓகன் வாசித்தவர். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறார். கண்ணும் அநேகமாகப் போய்விட்டது. “ஞாயிற்றுக்கிழமை ஆராதனை மட்டும் காதிலை விழுந்தால் காணும்” என்று அழுதார். சபையின் செயலாளர் என்ற முறையில் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

பட்டணத்துப் பெரிய தேவாலயங்களில் கமரா, விளக்கு, அதைப் பார்க்கத் தனி ஆட்கள் என்று எல்லாம் உண்டு. எங்களிடம் இருந்தது ஒழுகுகிற கூரையும் போதகரின் மனைவி கொடுத்த, கண்ணாடி வெடித்த பழைய போனும்தான். அம்பிளிஃபயர் திருத்த வந்த சவுண்டரிடம் யோசனை கேட்டேன்.

“படம் அனுப்பப் போறியளோ?”

“ஓம் அண்ணை. எல்லாரும் அப்பிடித்தானே செய்யினம்.”

“பிரசங்கத்தைக் காதாலை கேக்கிறதோ, கண்ணாலை கேக்கிறதோ? படம் டேற்றாவைத் தின்னும் தம்பி. குரலை மட்டும் அனுப்புவம்.”

அடுத்த ஞாயிறு அவர் வீட்டு உலக்கையோடு வந்து இறங்கினார். பெயின்ற் வாளியில் மணல் நிரப்பி, உலக்கையை நட்டு, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் போனை அதில் கவ்வ வைத்து, போனின் வாய்க்குப் பேரப்பிள்ளையின் காலுறையை மாட்டினார். பிரசங்க பீடத்துக்குப் பக்கத்தில் உலக்கை நிமிர்ந்து நின்றது. எங்கள் நேரடி ஒலிபரப்பு நிலையம் அவ்வளவுதான். இணையத்தில் எந்த ஊரில் இருந்தும் கேட்கலாம். இன்றுவரை அதற்கு மேல் ஒரு ஆணிகூட வாங்கவில்லை.

ஆனால் உலக்கையோடு சேர்ந்து சவுண்டரின் ஆட்சியும் வந்தது. முதலில் மின்விசிறிகளை நிறுத்தினார். “உது ஹெலிகொப்ரர் மாதிரிக் கேக்குது” என்றார். சபை வேர்த்து ஒழுகியது. பெண்கள் பனையோலை விசிறியோடு வரத் தொடங்கினார்கள். அதற்கும் ஒரு ஞாயிறு காது வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார். இருமல்காரர்களைப் பின்வரிசையில் கடைசி வாங்கில் இருத்தினார். நானும் ஒரு மாதம் கடைசி வாங்கில் இருந்தேன்.

அதற்குப் பிறகுதான் பாவப் பிரச்சினை. போனுக்குக் கிட்ட நின்று ‘ப’ என்று சொன்னால் காற்று முட்டி ‘டொப்’ என்று வெடிக்கும். எங்கள் மதமோ முழுக்க முழுக்க ‘ப’வில் ஓடுவது: பிதா, பரலோகம், பரிசுத்தம், பாவம். அன்றைக்கென்று போதகர் பாவத்தைப் பற்றியே உருக்கமாகப் பேசிக்கொண்டிருந்தார். காதில் பெரிய ஹெட்போனோடு நின்ற சவுண்டரின் முகம் ஒவ்வொரு வெடிக்கும் சுருங்கியது. கடைசியில் பொறுக்கமாட்டாமல் கையை உயர்த்தினார்.

“ஐயா, பாவம் கூடிப்போச்சு. கொஞ்சம் குறையுங்கோ!”

சபை ஆடிப்போய் இருந்தது. ராணியக்கா வீட்டில் படுத்தபடி விழுந்து விழுந்து சிரித்தாராம். போதகர் நல்ல மனிதர். தலையைக் கொஞ்சம் சரித்து, போனுக்குப் பக்கவாட்டில் பாவத்தைச் சொல்லப் பழகிக்கொண்டார்.

இதெல்லாம் உள்ளூர்ச் சண்டை. பெரிய சண்டை கனடாவில் இருந்து வந்தது. ஆராதனை தொடங்கும்போது சவுண்டர் போனைத் தட்டுவார். போதகர் கண்ணால் ‘கேட்குதோ?’ என்பார். சவுண்டர் பதில் சொல்வார். ஹெட்போன் காதை அடைத்திருப்பதால் தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாது. திருவிழாவில் அறிவித்துப் பழகிய அடிவயிற்றுக் குரல் வேறு. கண்ணால் கேட்ட கேள்வி ஒலிபரப்பில் போகாது. பதில் மட்டும் போகும்.

“ஓ...ம்.”

எங்கள் பழைய செயலாளர் ஒருவர் கனடாவில் இருந்துகொண்டு இதைக் கேட்டிருக்கிறார். “கிறிஸ்தவ ஆராதனையை ஓங்கார மந்திரத்தோடை தொடங்கிறியளோ? ஆர் உங்களுக்கு அனுமதி தந்தது?” என்று போனில் கொதித்தார். ஊரை விட்டுப் போய் நெடுங்காலம் ஆனதில், ‘ஆமாம்’ என்பதற்கு நாங்கள் நாள் முழுக்கச் சொல்லுகிற ‘ஓம்’ அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். சபைக் குழு கூடியது. சவுண்டரைக் கூப்பிட்டார்கள்.

“நான் மந்திரமே சொன்னனான்? ஐயா கேக்குதோ எண்டு கேட்டார். கேட்டுது. ஓம் எண்டன். பின்னை இல்லையெண்டு சொல்லவோ?”

“வேறை ஏதும் சொல்லலாம்தானே” என்றார் குழுவில் ஒருவர்.

சவுண்டர் யோசித்துக்கொண்டே போனார். எங்கள் ஆராதனை மௌன ஜெபத்தோடுதான் தொடங்கும். அடுத்த ஞாயிறு அதற்காக எல்லோரும் எழும்பிக் கண்ணை மூடினோம். போதகர் கண்ணால் கேட்டார். சவுண்டர் கம்பீரமாக, “ஆ...மென்!” என்றார். ஜெபம் முடிந்துவிட்டது என்று சபை முழுவதும் படாரென்று உட்கார்ந்தது. போதகர் மட்டும் தனியே நின்றார்.

“அதுக்கும் ஓம் எண்டுதானே கருத்தாம், ஐயாதான் ஒருக்கால் பிரசங்கத்திலை சொன்னவர்” என்றார் சவுண்டர் பிறகு. இனி வாயே திறக்கக்கூடாது, கையை மட்டும் உயர்த்தினால் போதும் என்று குழு முடிவெடுத்தது. சவுண்டரும் அப்படியே கையை உயர்த்தினார். ஒலிபரப்பு சுத்தமாகப் போனது. எங்களுக்குப் பெரிய நிம்மதி.

சில வாரம் கழித்து ராணியக்காவைப் பார்க்கப் போனேன். மெலிந்து போயிருந்தார்.

“ஏன் தம்பி, ஆராதனை போடுறதை நிப்பாட்டிப் போட்டியளே?”

“இல்லையே அக்கா! ஒவ்வொரு ஞாயிறும் போகுதே.”

“இப்ப சவுண்டரின்ரை ஓம் வரேல்லையே. அது கேட்டால்தான் லைன் வந்திட்டுது எண்டு எனக்குத் தெரியும். சின்னச் சபை, உங்களுக்கும் கஷ்டமாக்கும் எண்டு ஒருத்தரிட்டையும் கேக்கேல்லை.”

நடந்தது அப்போதுதான் விளங்கியது. அவருடைய மருமகள் போனைத் தலையணையில் வைத்துவிட்டு ஆராதனைக்கு வந்துவிடுவாள். எங்கள் போதகர் மௌன ஜெபத்தில் தாராளமானவர். கண் தெரியாத மனுசி சத்தம் ஒன்றும் இல்லாத போனைத் தடவித் தடவி எதையோ அழுத்த, லைன் அறுந்துவிடும். யாருக்காக உலக்கையை நட்டோமோ அவருக்குத்தான் அது கேட்கவில்லை. எனக்கு எங்கள் குழுவின் மேல் வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

சவுண்டரிடம் ஓடினேன். கேட்டதும் கண் கலங்கி, “கையைத் தூக்கினால் அந்த மனுசிக்குத் தெரியுமோ தம்பி?” என்று மட்டும் சொன்னார். அடுத்த ஞாயிறு போதகர் கண்ணால் கேட்கவில்லை. போனுக்குக் கிட்ட வந்து வாய்விட்டே கேட்டார்.

“சவுண்டர் அண்ணை, ராணியக்காவுக்குக் கேக்குதோ?”

“ஓ...ம்!”

கனடாவில் இருந்து பிறகு சத்தமே இல்லை.

போன மாதம் சவுண்டரின் ஊர்க் கோயில் தேர் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அவர் அங்கே ஒலிபெருக்கியோடு நிற்க, இங்கே போனைத் தட்டியது நான். போதகர் வழக்கம் போலக் கேட்க, நானே “ஓம்” என்றேன். ஆராதனை முடிந்து வீடு திரும்பிய மருமகளைக் கொண்டு ராணியக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“எல்லாம் வடிவாக் கேட்டுது தம்பி. ஆனால் நீ சொன்ன ஓம் சரியில்லை. அவரை வரச்சொல்லு.”

வைத்த கையோடு மற்றொரு அழைப்பு. பின்னால் தவிலும் நாதஸ்வரமும் அரோகராச் சத்தமும். அதற்கும் மேலாகச் சவுண்டர்.

“தம்பி, ஐயா இண்டைக்குத் தலையைப் பக்கத்துக்குச் சரிக்கேல்லை. பாவம் கூடிப்போச்சு!”

தேரடியில் நின்றுகொண்டு ஒரு காதில் எங்கள் ஆராதனையைக் கேட்டிருக்கிறார்.

“ராணியக்காவுக்குக் கேட்டதோ?” என்றார்.

“ஓம் அண்ணை” என்றேன்.

அடுத்த ஞாயிறு உலக்கைக்குப் பக்கத்தில் அவர் நின்றார். இப்போதெல்லாம் அந்த ‘ஓம்’ வரும் வரைக்கும் நானும் கண்ணை மூடுவதில்லை.