கோளவுருப் பூசணிக்காய்

புதுச் சொல் ஒன்றைக் கற்றுக்கொண்ட ஆளிடம் அதே வாரத்தில் ரிஜெக்ட் ஸ்டிக்கரையும் கொடுக்கக் கூடாது. என்னிடம் கொடுத்தார்கள்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து, சுங்குவார்சத்திரத்தில் அறை எடுத்து, ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ட்ரெய்னியாக இருந்த காலம். கேட்டுக்குள் வரும் பொருளைச் சோதிக்கும் வேலை. வேலை நிரந்தரமா இல்லையா என்பது ஆயுத பூஜை முடிந்ததும் தெரியும். ஊரில் அப்பா அதற்குள் எல்லோரிடமும் "எம்பிள்ளை பெர்மனென்ட்" என்று சொல்லிவிட்டிருந்தார்.

அந்த வாரப் பயிற்சி வகுப்பில்தான் 'கோளவுரு' எனக்குக் கிடைத்தது. எந்தப் பக்கம் அளந்தாலும் ஒரே அளவு வந்தால் கோளம். கொஞ்சம் அமுங்கியோ நீண்டோ, கிட்டத்தட்ட உருண்டையாக இருந்தால் கோளவுரு. பூமியே கோளவுருதானாம். அன்று முதல் கேன்டீனில் போண்டா வந்தாலும் "இது கோளம் இல்ல, கோளவுரு" என்று சொல்லிவிட்டுத்தான் கடிப்பேன். (கூட உட்கார்ந்தவர்கள் வேறு மேஜைக்குப் போய்விட்டார்கள்.)

எங்கள் மேனேஜர் சபாபதி சாருக்கு ஆடிட் பயம். "ஸ்பெக் இல்லாம ஒரு குண்டூசிகூட உள்ள வரக் கூடாது" என்று உத்தரவு. திருஷ்டி சுற்றி உடைக்கும் பூசணிக்காயும் பொருள்தானே? அதற்கும் என்னென்ன தகுதி வேண்டும் என்று என்னை எழுதச் சொன்னார். 'நிறம்: சாம்பல் பூத்த பச்சை. வடிவம்: கோளம்' என்று எழுதினேன். அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார்.

பூஜையன்று காலை காய்கறிக்காரர் கன்னியப்பன் தன் குட்டியானை வண்டி நிறையப் பூசணிக்காயோடு வந்து நின்றார். நான் டேப்போடு ஏறினேன்.

"இன்னாமா, பூசணிக்காய்க்குப் போயி அளவெடுத்துகினு கீற?"

"குறுக்க ஒண்ணு, நெடுக்க ஒண்ணு வருது அண்ணாச்சி. இது கோளவுரு. எங்களுக்குக் கோளம்தான் வேணும்."

"உருண்டையாத்தான கீது?"

"கிட்டத்தட்ட உருண்டை. அது செல்லாது."

பக்கத்தில் ஸ்டோர்ஸ் ஆல்பர்ட் நின்றிருந்தார், தண்டலத்துக்காரர். "மேடம், எப்டியும் ஒடைக்கத்தான போறோம்?" என்றார். ஸ்பெக்குன்னா ஸ்பெக்குதான் என்று அவரையும் அடக்கினேன். அத்தனை காய்க்கும் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். கன்னியப்பன் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைத் திருப்பினார். பக்கத்துக் கம்பெனியில் மொத்தத்தையும் வாங்கிக்கொண்டார்களாம்.

பிளான்ட் ஹெட் பட்டு வேட்டியில், கையில் கற்பூரத்தோடு காத்திருந்தார்.

"பூசணிக்கா எங்கம்மா?" என்றார் சபாபதி சார்.

"எல்லாம் ரிஜெக்ட் சார். ஷேப் சரியில்ல."

"ஸ்பெக்க மாத்தித் தொலையேம்மா."

"மூணு பேர் கையெழுத்து வேணும் சார். நீங்க போட்ட ரூல்தான். ஒருத்தர் லீவு."

அவர் முகம் போன போக்கை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆல்பர்ட் ஸ்ரீபெரும்புதூர் மார்க்கெட்வரை பறந்துபோய் வெறுங்கையோடு வந்தார். கடைசியில் கேன்டீனிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் வந்தது. அதன் தலையில் கற்பூரம் ஏற்றிச் சுற்றி, பிளான்ட் ஹெட் ஓங்கிப் போட்டார். அது உடையவில்லை. எரிகிற கற்பூரத்தோடு உருண்டு நேராக சபாபதி சாரின் வேட்டியைத் தேடிப் போனது. அவர் குதித்த குதியில் செருப்பு ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம். (உருண்ட அழகைப் பார்த்தால் அது கோளமாகத்தான் இருந்திருக்கும். அளந்து பார்க்கத் தைரியம் வரவில்லை.)

என் நிரந்தரம் ஆறு மாதம் தள்ளிப்போனது. அப்பாவிடம் போனில் சொல்லிவிட்டு கேட் ஓரமாக நின்று அழுதேன். ஆல்பர்ட் டீ வாங்கிக் கொடுத்து, பேப்பர் கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது இன்னா ஷேப் மேடம்?" என்று கேட்டார். அழுகையோடு சிரித்துத் தொலைத்தேன். அந்த ஆறு மாதத்தில் வேலை நிரந்தரமானது, ஆல்பர்ட்டும் நிரந்தரமானார்.

மகள் பிறந்தபோது அவள் தலை ஒரு பக்கம் நீண்டிருந்தது. நான் பயந்து கலங்கிப்போனேன். மாமியார்தான் தினமும் வெந்நீர் ஊற்றி, தலையை நீவி நீவி உருட்டினார். நீவிக்கொண்டே ஒருநாள் என்னைப் பார்த்து, "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, கோளமா வந்துனு கீது. ஸ்டிக்கர் கிக்கர் ஒட்டிடாத" என்றார்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தினமும் காலையில் தலை பின்னி முடித்ததும் என் பக்கம் திரும்பி நின்று கேட்பாள்: "நான் பாஸாம்மா?"