துப்புக்கெட்ட துப்பாக்கி

வாத்து வேட்டை சீசன் சனிக்கிழமை விடியலில் ஆரம்பம். வியாழக்கிழமை சாயங்காலம் நான் ஒரு தீர்மானம் செய்தேன். இந்த வருஷம் என் துப்பாக்கியைப் பற்றி வெர்லி வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவிடக் கூடாது.

வெர்லி என் மனைவி. நாங்கள் இருவரும் ஒரே பள்ளிக்கூட பஸ்ஸில் போய் வந்தவர்கள். அப்போதே ஜன்னலோரம் அவளுக்குத்தான். கல்யாணத்துக்குப் பிறகும் அந்த ஏற்பாட்டில் பெரிய மாறுதல் இல்லை.

தீர்மானம் செய்த சூட்டோடு அலமாரியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுத்தேன். தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரகம் அது. சுட்டவுடன் உள்ளே இருக்கிற போல்ட் என்னும் இரும்புக்கட்டி பின்னால் ஓடும், காலிக்கூட்டை வெளியே துப்பும், திரும்ப முன்னால் ஓடிவந்து புதுத் தோட்டாவை உள்ளே தள்ளும். எல்லாம் கண் சிமிட்டுகிற நேரத்தில். அன்று அது பாதி வழியில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே தோட்டா இல்லை என்பதைத் திறந்திருந்த சந்து வழியாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு இழுத்தேன். தள்ளினேன். முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தேன். என் முதுகுதான் நகர்ந்தது.

போன சீசன் முடிந்த ஜனவரியில் வெர்லி ஒரு கேள்வி கேட்டாள். துப்பாக்கியைச் சுத்தம் பண்ணி வைத்தாயா என்று. பளபளவென்று பண்ணிவிட்டேன் என்றேன். இப்போது போல்ட் இறுகிக் கிடப்பது தெரிந்தால் அந்தப் பளபளவை அவள் ஈஸ்டர் வரைக்கும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

கடையில் கொடுத்துச் சரிபண்ணலாம். எங்கள் ஊரில் துப்பாக்கி ரிப்பேர் பண்ணுகிறவன் ஒரே ஒருத்தன், ரெமி. அவன் வெர்லியின் தம்பி. அவன் கடையில் துப்பாக்கியைக் கொடுத்துவிட்டு நான் வீடு திரும்புவதற்குள் சேதி எனக்கு முன்னால் வீடு திரும்பியிருக்கும்.

ஆக, வீட்டிலேயே பிரித்துப் பார்த்துவிடுவது. அதற்கு நல்ல வெளிச்சமும் பெரிய மேஜையும் வேண்டும். இரண்டும் இருக்கிற ஒரே இடம் அடுப்படி. அடுப்படியில் வெர்லி இருப்பாள். அவளை வெளியே அனுப்ப ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"வெர்லி, உன்னப் பாத்தா பாவமா இருக்கு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. "எதுக்கு?"

"வருஷம் பூரா அடுப்படியிலயே கெடக்கற. சனிக்கிழமை மத்தியானம் கம்போ குழம்பு நான் பண்றேன்."

"நீயா?"

"நானேதான். நாளைக்குச் சாயங்காலம் உங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டு வா. சனிக்கிழமை சாப்பிட உக்கார்ற வரைக்கும் நீ அடுப்படிக்குள்ள காலே வைக்கக் கூடாது."

"காலே வைக்கக் கூடாது?"

"வைக்கவே கூடாது."

காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மடித்த துணியை ஓரமாக வைத்துவிட்டு டெலிபோனை எடுத்தாள். முதலில் அவள் அம்மா. அப்புறம் அக்கா. அப்புறம் ரெமி. என் பெயரைச் சொல்லி, சனிக்கிழமை மத்தியானம் அல்சீட் சமைக்கிறான், எல்லாரும் வந்துவிடுங்கள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னாள். நம்பாதவர்களுக்கு இரண்டு தடவை சொன்னாள். நான் அவளுக்கு மட்டும் வீசிய வலையில் அவள் குடும்பமே வந்து உட்கார்ந்தது.

இருந்தாலும் என் கணக்கு சரியாகத்தான் இருந்தது. சோற்றில் ஊற்றிச் சாப்பிடும் இந்தக் கறிக்குழம்பு, கம்போ, மறுநாள்தான் அதிக ருசி, லூசியானாவில் பிறந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமே அதைச் செய்துவிடுவது. அது கொதிக்கும் நேரத்தில் துப்பாக்கியைச் சரிபண்ணிவிடுவது. சனிக்கிழமை விடியலில் வேட்டைக்குப் போய், மத்தியானத்துக்குள் திரும்பி, சூடு பண்ணிப் பரிமாறுவது. வேட்டைக்காரன், சமையல்காரன், மெக்கானிக், மூன்று பேரும் நானே.

வெள்ளிக்கிழமை வெர்லி கிளம்பிப் போனதும் பக்கத்து வீட்டு யூலிஸைக் கூப்பிட்டேன். யூலிஸும் நானும் வேட்டைக் கூட்டாளிகள். அறுவடை முடிந்து தண்ணீர் கட்டிய நெல் வயல் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்து, வரப்பில் புதைத்த தகரப் பெட்டிக்குள் வருஷா வருஷம் பதுங்கி உட்காருகிறவர்கள். யூலிஸுக்குத் தெரியாத தொழில் கிடையாது. எதிலும் கை வைக்க மாட்டான், அவ்வளவுதான்.

கம்போவுக்கு முதல் வேலை ரூ. எண்ணெயில் மாவைப் போட்டு, சாக்லேட் நிறம் வரும்வரை விடாமல் கிண்டுவது. விட்டால் கருகும். கருகினால் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வலது கையால் கிண்டினேன். இடது கையால் போல்ட்டை ஆட்டினேன். போல்ட்டை ஆட்டும்போது கரண்டி நின்றது, கரண்டியை ஆட்டும்போது போல்ட் நின்றது.

"எண்ணெய் விடுடா" என்றான் யூலிஸ்.

அடுப்புப் பக்கத்தில் கடலை எண்ணெய்ப் பாட்டில் இருந்தது. தாராளமாக விட்டேன். அது உள்ளே இறங்குகிறதா என்று இருவரும் குனிந்து பார்த்த நேரத்தில் முதல் ரூ கருகியது. பாத்திரத்தைச் சுரண்டிக் கொட்டிவிட்டு மறுபடி மாவைப் போட்டு, கரண்டியை யூலிஸிடம் கொடுத்தேன். வேறு எதையும் பார்க்காதே, ரூவை மட்டும் பார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். பிறகு துப்பாக்கியைத் துண்டால் சுற்றி, வெர்லி இறைச்சி தட்டும் மரச் சுத்தியால் போல்ட்டின் கைப்பிடியில் ஒன்று போட்டேன். இன்னொன்று போட்டேன். கடக்கென்று போல்ட் கழன்று பின்னால் போனது. யூலிஸ் கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான். இரண்டாவது ரூவும் போனது. மாவு டப்பாவும் காலி.

போனது போகட்டும், துப்பாக்கியாவது நகர்ந்ததே என்று அதை முழுக்கப் பிரித்தோம். துடைத்தோம். இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டோம். திரும்பப் பூட்டினோம். பூட்டி முடித்தபோது மேஜை விரிப்பின் மேல் ஒரு சின்ன வளையம் மிச்சம் இருந்தது. யூலிஸ் அதை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தான். கம்பெனிக்காரன் ஒன்று கூடுதலாகப் போட்டுவிட்டான் என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. போல்ட்டை இழுத்தேன். பழைய இடத்திலேயே போய் நின்றுகொண்டது. முன்பாவது கொஞ்சம் ஆடியது. இப்போது அதுவும் இல்லை.

"துப்புக்கெட்ட துப்பாக்கி" என்றேன்.

"துப்பாக்கியா?" என்றது வாசல் பக்கமிருந்து ஒரு குரல்.

வெர்லி. அடுப்படி நிலைக்கு அந்தப் பக்கமாக, ஒரு கால் விரல்கூட உள்ளே படாமல் நின்றுகொண்டிருந்தாள். புகையைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அவளுடைய நல்ல விரிப்பின் மேல் கிடந்த துப்பாக்கியைப் பார்த்தாள். கத்துவாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவள் கத்தவில்லை. அதை முன்னறைக்குக் கொண்டுவா, நான்தான் அங்கே வரக் கூடாதே என்றாள்.

கொண்டுபோனேன். தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தாள். அவள் அப்பா சதுப்பில் பொறி வைத்துத் தோலுக்காக நீர்நாய் பிடித்தவர். வீட்டில் துப்பாக்கி துடைப்பது பிள்ளைகள் வேலை என்று எப்போதோ சொல்லியிருக்கிறாள். நான் அதைக் காதில் வாங்கியதில்லை. அவள் விரல்கள் வேர்க்கடலை உரிக்கிற மாதிரி அதைப் பிரித்துப் போட்டன. ஸ்பிரிங்கை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"இது என் கடலை எண்ணெய்."

"இப்பத்தான் கொஞ்சூண்டு விட்டோம்."

"இப்ப விட்டது மேல இருக்கு. அடியில பிசின் மாதிரி காஞ்சு கெடக்கே, இது ஜனவரியில விட்டது. இத வெச்சுத்தான் பளபளன்னு பண்ணியா?"

அன்று வயலோரத்து வேட்டைக் கொட்டகையில் துப்பாக்கி எண்ணெய் தீர்ந்துபோயிருந்தது. மீன் பொரிக்கிற பாட்டில்தான் கைக்கு எட்டியது. எண்ணெய் எண்ணெய்தானே என்று நினைத்தேன். இதை நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. யூலிஸ் சொல்லிவிட்டான்.

"வாத்து மடையா" என்றாள் வெர்லி. கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அடையாளம் காட்டுகிற மாதிரி சொன்னாள்.

மண்ணெண்ணெய் கேட்டாள், கொடுத்தேன். பல் துலக்கும் பிரஷ் கேட்டாள், அவள் காட்டியது என்னுடையதை. பிசினெல்லாம் பழுப்பாகக் கரைந்து தாளில் இறங்கியது. பூட்டும்போது அந்த வளையத்தைக் கேட்டாள். அது கூடுதல் என்றான் யூலிஸ். இங்கே கூடுதலாக இருப்பது வளையம் இல்லை என்று சொல்லி, அதை அதன் இடத்தில் மாட்டினாள். போல்ட்டை இழுத்து விட்டாள். சளக்கென்று போய் சளக்கென்று வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நாளை விடியலில் வயலுக்குப் போகலாம்.

"கம்போ எங்க?" என்றாள்.

அப்போதுதான் நினைவு வந்தது. அத்தனை பேருக்கும் போதுமான பெரிய பாத்திரம் எங்கள் வீட்டில் ஒன்றுதான், அதன் அடியில் இரண்டு ரூ ஒட்டிக்கொண்டிருந்தது. ராத்திரி முழுக்க ஊற வைத்தால்தான் விடும். மாவு தருகிறேன் என்றான் யூலிஸ். காலையில் எழுந்து ஆரம்பித்தால்தான் மத்தியானம் சாப்பாடு. நான் என் குரலைத் தேன் போலக் குழைத்துக்கொண்டேன்.

"வெர்லி, காலைல நீ கொஞ்சம்..."

"நான் காலே வைக்கக் கூடாதே, அல்சீட். அம்மாகிட்டகூடச் சொல்லிட்டேன். அவங்க அழுதுட்டாங்க." பிறகு யூலிஸ் பக்கம் திரும்பினாள். "அடுப்படிக்கும் போகாம மத்தியானம் வரைக்கும் நான் என்ன பண்றது? நாளைக்கு எப்பக் கிளம்பற?"

யூலிஸ் என் முகத்தைப் பார்த்தான். துப்பாக்கியைப் பார்த்தான். அதைச் சரிபண்ணின கையைப் பார்த்தான். கிளம்பும் நேரத்தை அவளிடம் சொன்னான்.

எனக்கு ஒரே ஒரு பிடி கிடைத்தது. லைசென்ஸ் இல்லாமல் போனால் அதிகாரி பிடிப்பான், வாத்து சுட அரசாங்கம் விற்கும் முத்திரை வேறு வேண்டும், இந்த நேரத்தில் அதெல்லாம் எங்கே கிடைக்கும் என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். வெர்லி கைப்பையைத் திறந்து லைசென்ஸை எடுத்தாள். முத்திரையும் இருந்தது. குறுக்கே கையெழுத்துகூடப் போட்டிருந்தாள். எப்போது வாங்கினாய் என்று கேட்டேன்.

"வேணுங்கறப்ப இருக்கணும்ல" என்றாள்.

சனிக்கிழமை இருட்டு பிரிவதற்கு முன் என் கோட்டையும் என் ரப்பர் பூட்ஸையும் போட்டுக்கொண்டு அவள் கிளம்பினாள். பூட்ஸுக்குள் இரண்டு ஜோடி காலுறை. அடுப்படி நிலைக்கு வெளியே நின்று எனக்குச் சில புத்திமதிகள் சொன்னாள். தீயைக் குறைத்து வை. கரண்டியை விடாதே. ஜன்னல் பக்கம் பார்க்காதே.

கிண்டினேன். வெளியே வெளுத்துக்கொண்டு வந்தது. வயல் பக்கமிருந்து சத்தம் கேட்க ஆரம்பித்தது. என் துப்பாக்கியின் குரல் எனக்குத் தெரியும். டம், டம், டம் என்று இடைவெளி இல்லாமல் மூன்று. போல்ட் வெண்ணெயில் கத்தி போலப் போய் வருகிறது. ஒரு மெக்கானிக்காக எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கரண்டியை வேகமாகச் சுற்றிவிட்டேன், கொதிக்கிற ரூ தெறித்து மணிக்கட்டில் விழுந்தது. அவள் அங்கே சுட்டாள். எனக்கு இங்கே சுட்டது.

கரண்டியை மட்டும் விடவில்லை. ரூ சாக்லேட் நிறத்துக்கு வந்தது. வெங்காயம், குடமிளகாய், செலரி எல்லாம் போட்டேன். கோழியும் தொத்திறைச்சியும் போட்டேன். சோறு வைத்தேன், குழையவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தபோது இதை நான்தான் செய்தேனா என்று எனக்கே சந்தேகம் வந்தது.

வெர்லி கன்னத்தில் சேற்றோடு திரும்பினாள். சட்டம் அனுமதிக்கிற அளவுக்கு ஒன்று குறையாமல் அடித்திருந்தாள். வாத்துகளை யூலிஸ் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வந்தான். என்னோடு வந்த இத்தனை வருஷத்தில் நான் சுட்டதில் ஓர் இறகைக்கூட அவன் தூக்கியதில்லை. வெர்லி எப்படிச் சுட்டாள் என்று கேட்டேன். பேசாமல் உட்காருகிறாள்டா என்றான். பெட்டிக்குள் ஓயாமல் பேசுகிற எனக்கு அது ஒரு குட்டு.

மத்தியானம் அவள் வீட்டார் எல்லாரும் வந்து மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மாமியார் முதல் கரண்டியை வாயில் வைத்துக் கண்ணை மூடினார். திறந்து, கிண்ணத்தை மறுபடி நீட்டினார். மைத்துனி எனக்கே தெரியாத சமையல் நுணுக்கங்களை என்னிடம் கேட்டாள். வெர்லி இரண்டாவது தடவை போட்டுக்கொண்டாள். எனக்கும் நெஞ்சு லேசாக நிமிர்ந்தது. வேட்டை போனால் என்ன, மானம் போகவில்லை. இனி ஜனவரிப் பேச்சும் எழாது.

பக்கத்தில் ரெமி. அவனும் இரண்டாம் கிண்ணத்தில் இருந்தான். என் பக்கம் சாய்ந்து தணிந்த குரலில் பேசினான்.

"துப்பாக்கி இப்ப நல்லா ஓடுதாமே, அத்தான்."

"ஓடாம? நேத்து முழுக்கப் பிரிச்சு மேஞ்சோம்ல."

"போன மாசம் அக்கா கடைக்குக் கொண்டுவந்தப்ப அசையவே இல்ல. குடு, அஞ்சு நிமிஷ வேலைன்னேன். தொடாத, இப்படியே இருக்கட்டும், சீசன் வந்ததும் அந்த ஆளு இத மறைக்கறதுக்காக வீட்டு வேலை எதையாவது தலையில போட்டுக்குவான்னு சொல்லித் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டா."

என் கரண்டி பாதி வழியில் நின்றது. மேஜையைச் சுற்றிப் பார்த்தேன். மாமியார் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனியும் அப்படியே. வெர்லி சோற்றை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாள். நான் தள்ளினேன்.

ரெமி என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான்.

"நாங்கல்லாம் நீங்க வேலிக்குப் பெயிண்ட் அடிப்பீங்கன்னுதான் நெனச்சோம், அத்தான். சமையல்னு சரியாச் சொன்னது அக்கா ஒருத்திதான்."