நான் பேசாமல் இருந்த ஒரு நிமிடம் குறித்து அத்தானுக்கு

கண்டி,
வியாழக்கிழமை, மத்தியானம், வெளியே மழை.
(உண்மையான மழைதான். கையை நீட்டிப் பார்த்துவிட்டேன்.)

நாவலப்பிட்டிப் புடவைக்கடைகளுக்கெல்லாம் மகாராஜாவும், ஒருவரைத் தெருவில் வரும்போதே பார்த்து அவருக்குச் சட்டைத் துணி எத்தனை மீற்றர் என்று சொல்லிவிடும் ஞானியும், என் ஒரே அக்கா பிரேமிளாவோடு முப்பத்திரண்டு வருஷம் வாழ்ந்தும் இன்னும் நேராக நடக்கும் வீரருமாகிய அத்தான் கிருஷ்ணராஜ் அவர்களின் திருமுன்னே, மைத்துனன் தியாகராஜா மூன்று தடவை குனிந்து, நாலாவது தடவை இடுப்புப் பிடித்துக்கொண்டதால் குனிந்தபடியே எழுதிக்கொள்வது.

இங்கே நான் சுகம், என் மனைவி இராஜகுமாரி சுகம், உங்கள் மகள் துஷானி சுகம். ஃபிரிட்ஜ் மட்டும் கொஞ்ச நாளாகச் சுகமில்லை, அதன் விபரம் கீழே வரும். அங்கே எல்லாரும் சுகம் என்றே நம்புகிறேன். இல்லையென்றால் அக்கா இதற்குள் பதினாலு தடவை போன் எடுத்திருப்பாள்.

போன மாதம் நீங்கள் வந்து எங்கள் வீட்டுக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆடை கட்டும்வரை குடிக்காமல் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒப்படைத்த பொறுப்பை மறக்கவில்லை. "மச்சான், கெம்பஸ்ல இடம் கெடச்சப்ப ஊரெல்லாம் லட்டு குடுத்தேன். இப்பக் கேட்டா ரேடியோ, டீவி நிகழ்ச்சி செய்யப் படிக்கிறேங்கிறா. இந்தக் காலத்துல யாரு ரேடியோ கேக்குறா? நம்ம கடையிலயும் ஒண்ணு பாடுது, எலிதான் கேக்குது. அவ உன் வீட்லதானே இருக்கா, ஒரு மாசம் பாரு. உருப்படுற படிப்பா இல்லையான்னு எழுத்துல குடு. போன்ல வேணாம், நீ போன்ல பேச ஆரம்பிச்சா எனக்குக் கடை பூட்டுற நேரம் வந்துரும். உருப்படாதுன்னு நீ எழுதினா, வர்ற போயா லீவுக்கு வேனோட வர்றேன். சாமானை ஏத்திக்கிட்டுப் போய் நம்ம டவுன்ல டியூஷன் குடுக்க வச்சிர்றேன்" என்றீர்கள். குசினி வாசலில் நின்ற துஷானி, "அப்பா, இது மூணாவது வருஷம். இன்னும் ஒரு வருஷந்தான்" என்றாள். "அதான் மாமாகிட்ட கேட்டிருக்கேனே" என்று சொல்லி ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழும்பினீர்கள். அன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளையின் படிப்பு என் பேனா முனையில் தொங்கிக்கொண்டிருக்கிறது. இந்தப் பாரத்தில் எனக்கு இரண்டு அங்குலம் உயரம் குறைந்துவிட்டது. அது முதலிலேயே குறைவுதான் என்கிறாள் இராஜகுமாரி.

இனி என் அறிக்கை. இந்தப் படிப்பு என் வீட்டுக்குள் நுழைந்து செய்த அட்டகாசத்தை எந்தப் படையெடுப்பும் இந்தக் கண்டிக்குச் செய்திருக்காது. முதலில் மழை. ஒரு செவ்வாய்க்கிழமை நான் கண்ணயர்ந்திருந்தபோது சோவென்று பெய்கிறது. பாய்ந்து எழும்பி, கொடியில் கிடந்த உடுப்பையெல்லாம் வாரிக்கொண்டு வந்து பார்த்தால், வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு வெயில். உள்ளே துஷானி சுளகில் மல்லியைப் போட்டு, மைக்குக்குப் பக்கத்தில் குழந்தையைத் தாலாட்டுவதுபோல ஆட்டிக்கொண்டிருக்கிறாள். "தூறலுக்கு மல்லி மாமா, பெருமழைக்குப் பச்சைப் பயறு" என்றாள். சரி, ஏமாந்தது ஏமாந்ததுதான், இனி ஏமாற மாட்டேன் என்று சபதம் எடுத்தேன். புதன்கிழமை மறுபடி மழை. நான் அசைவேனா? காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, "பேஷ், பேஷ், இடிகூட வருதே, கெட்டிக்காரி" என்று பாராட்டியபடி கிடந்தேன். அது வானத்திலிருந்து வந்த மழை. என் சாரம் நாலும், இராஜகுமாரி கல்யாண வீட்டுக்கென்று துவைத்துப் போட்டிருந்த சேலையும் ஊறிக் கனத்துக் கொடியோடு விழுந்தன. அதற்குப் பிறகு என் வீட்டில் எந்தச் சத்தத்தையும் நான் நம்புவதில்லை. யாராவது என்னைக் கூப்பிட்டால்கூட, அது நிஜமா பதிவா என்று தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.

இதற்கெல்லாம் காரணம் என்னவென்றால், இந்த வருஷ முடிவுக்கு அவள் பதினைந்து நிமிட வானொலி நிகழ்ச்சி ஒன்று செய்து கொடுக்க வேண்டும். தலைப்பு, 'ஒரு வீடு'. உலகத்தில் இத்தனை வீடுகள் இருக்க, என் வீட்டைத் தேர்ந்தெடுத்தாள். முன்னறை ஒலிப்பதிவுக்கூடமானது. மெத்தைகள் கட்டிலை விட்டு எழும்பிச் சுவரில் சாய்ந்தன. நாங்கள் இருவரும் வெறும் பலகையில் முனிவர்கள் மாதிரிக் கிடந்தோம். அதையும் பொறுத்தேன். ஆனால் ஒருநாள் வந்து, "மாமா, இந்த வீட்டோட மௌனம் ஒரு நிமிஷம் வேணும்" என்றாள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கண்டம் வந்தது.

மௌனத்தை எதற்கம்மா பதிகிறாய் என்று கேட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு மௌனம் உண்டாம். பேச்சை வெட்டி ஒட்டும்போது நடுவில் அந்த மௌனத்தை வைத்துத் தைக்காவிட்டால் ஒட்டுத் தெரிந்துவிடுமாம். சேலைக் கரைக்கு அதே நிறத்து நூலைத் தேடி நீங்கள் பெட்டி பெட்டியாகக் கொட்டுவீர்களே, அதே சங்கதிதான். "ஒரே ஒரு நிமிஷம், யாரும் பேசக் கூடாது, அசையக் கூடாது" என்றாள். சொல்லிவிட்டு என்னையே பார்த்தாள். இராஜகுமாரியும் என்னையே பார்த்தாள். சுவரில் சாய்ந்திருந்த மெத்தையும் என்னைப் பார்த்ததுபோல இருந்தது.

முதல் தடவை பன்னிரண்டு விநாடி தாங்கினேன். பிறகு, "தொடங்கியாச்சா?" என்று கேட்டுவிட்டேன். இரண்டாம் தடவை இராஜகுமாரி என் வாயில் ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியை அடைத்தாள். நான் பேசவில்லை. ஆனால் அதை மென்ற சத்தம், கல்லுடைக்கிற இடத்தில் லொறி பின்னுக்கு வருவதுபோலப் பதிந்திருந்தது. மூன்றாம் தடவை ஃபிரிட்ஜ் உறுமுகிறது என்று அதை நிறுத்தினாள். நிறுத்தியவள் வீட்டுக் கதவைப் பூட்டுகிற திறப்புக் கொத்தை எடுத்து அதற்குள் போட்டு மூடியிருக்கிறாள். ஒலிப்பதிவுகாரர்களின் வழக்கமாம் அது. வெளியே போகத் திறப்பைத் தேடுபவன் ஃபிரிட்ஜைத் திறந்துதானே ஆக வேண்டும், அப்போது மறுபடி போட்டுவிட ஞாபகம் வருமாம். எத்தனை நுட்பமான ஏற்பாடு! ஆனால் எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் திறப்பைத் தேடி அலுமாரியைக் கவிழ்த்து, கள்ளன் வந்துவிட்டான் என்று முடிவுகட்டி, கண்டி பூராவும் தேடச் சொல்லிப் பொலிசுக்குப் போக வேட்டியை மடித்துக்கட்டிவிட்டேன். மறுநாள் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு மணம் கிளம்பிய பிறகுதான், அழுகிய பாரை மீனுக்கும் கத்தரிக்காய்க்கும் நடுவில் திறப்புக் கொத்து சாந்தமாகத் துயில்வதைக் கண்டோம்.

அந்த மூன்றாம் தடவை கெட்டதற்கு நான் பொறுப்பில்லை. நாற்பத்தைந்து விநாடி கல்லாக இருந்தேன். கதவை யாரோ உடைப்பதுபோலத் தட்டினார்கள். பக்கத்து வீட்டு பஹீம் நானா, வெறும் காலோடு மூச்சிரைக்க நிற்கிறார். "என்ன தியாகராஜா, ஊடு இப்படி சத்தமே இல்லாம ஈக்குது? யாரும் மவுத்தாகிட்டாங்களோன்டு ஓடி வந்தேன்!" என்றார். விஷயத்தைச் சொன்னேன். "நீங்க ஒரு நிமிஷம் பேசாம ஈந்தீங்களா?" என்று என் நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சல் பார்த்துவிட்டுப் போனார்.

நாலாவது தடவை நான் பேசவில்லை. இந்த வரியை நீங்கள் இரண்டு தடவை வாசிக்கலாம், நான் தப்பாக எழுதவில்லை.

முதல் பத்து விநாடி, சொல்லாமல் விட்ட வார்த்தைகளையெல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்படி ஒன்றையும் நான் விட்டுவைக்காததால் அந்த வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கேட்கத் தொடங்கியது. ஹந்தானை மலையிலிருந்து பனி இறங்கி வரும் சத்தம். பனிக்குச் சத்தம் உண்டு அத்தான். நல்ல பட்டுச்சேலையை மடிப்புக் கலையாமல் எடுத்து மேசையில் மெல்ல விரிப்பீர்களே, அந்தச் சத்தம். அது ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. கீழே எங்கேயோ ஏரித்தண்ணீர் கரைக்கல்லைத் தொட்டுத் தொட்டு எதையோ கேட்டது. பின்னேர ரயில் கண்டியை விட்டு, பேராதனையில் திரும்பி, கம்பளையைக் கடந்து, உங்கள் ஊருக்குள் நுழைந்து, "ப்ளவுஸ் துணி அந்தப் பக்கம்மா" என்று நீங்கள் யாரிடமோ சொல்லும்வரை எனக்குக் கேட்டது. சத்தியம். வீடு அத்திவாரத்தை விட்டு ஒரு சாண் உயர்ந்து, மெத்தைகளும் நாங்களுமாக, ஏரிக்கு மேலே மிதக்கத் தொடங்கியது. அந்தக் கப்பலின் முன்பக்கத்தில் ஹெட்போனோடு கண்ணை மூடிக்கொண்டு துஷானி நின்றாள். அந்த முகத்தை நான் இதற்கு முன்னே கண்டதில்லை. ஊரிலே நீங்களும் கண்டிருக்க மாட்டீர்கள். எங்கே போகிறோம் என்று தெரிந்த முகம்.

பிறகு ஹெட்போனை என் காதில் மாட்டி அந்த நிமிடத்தைப் போட்டுக் காட்டினாள். என் வீடு, நான் பேசாத என் வீடு. குசினியில் வளையல் ஒரு தடவை அசைந்தது. ஒரு மூச்சு. இராஜகுமாரியுடையது. முப்பத்தொரு வருஷமாக என் பேச்சுக்கு அடியில் அகப்பட்டுக் கிடந்த மூச்சு, அத்தான், அது இவ்வளவு மெதுவானதென்று எனக்குத் தெரியாது. "இதை எப்ப ஒலிபரப்புவீங்க?" என்று கேட்டேன். "இத யாரும் தனியாக் கேக்க மாட்டாங்க மாமா. பேச்சுக்கு அடியில போட்டுருவேன். இருந்தா தெரியாது, இல்லாட்டித்தான் தெரியும்" என்றாள்.

நீங்களே யோசியுங்கள். யாரும் கேட்காத ஒன்றைச் செய்ய மூன்று வருஷப் படிப்பு! இத்தனை செய்தும் நேற்று அவர்களுக்குப் படிப்பிக்கிற சேர், "சத்தமெல்லாம் நல்லா இருக்கு, ஆனா வீட்டுல ஆள் இல்லையே" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். திங்கட்கிழமை கடைசி நாள். பிள்ளை சோறு தின்னாமல் மெத்தையில் சாய்ந்து கிடக்கிறாள், நின்றபடியே. என் நிலைமை அதைவிட மோசம். எனக்குப் பேச்சுக் குறைந்துகொண்டு வருகிறது. சந்தையில் தக்காளி நிறுக்கும் சத்தத்தைக் கேட்டு நின்றுவிடுகிறேன், ஆட்கள் இடித்துக்கொண்டு போகிறார்கள். நேற்று ஒருவர் பேசி முடிக்கும்வரை நான் குறுக்கிடாமல் காத்திருந்தேன். பயந்து அவர் பாதியில் எழும்பிப் போய்விட்டார். இப்படியே போனால் நான் நல்ல மனிதனாகிவிடும் அபாயம் இருக்கிறது.

ஆகவே, நீங்கள் கேட்ட எழுத்துமூலத் தீர்ப்பு இது: இந்தப் படிப்பு உருப்படாது. போயாவுக்கு வேனைக் கொண்டுவந்து உங்கள் மகளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அக்காவுக்கு என் அன்பு, கடைக்கு என் வணக்கம், உங்கள் ரேடியோவைக் கேட்கும் எலிகளுக்கு என் விசாரிப்பு. உங்கள் கடையில் துணி மலைபோல் குவிந்து, வாங்க வருபவர்கள் அதைவிட உயரமாகக் குவியட்டும்.

என்றும் குனிந்தபடியே,
தியாகராஜா

பி.கு: கந்தோரில் கடிதங்கள் எழுதும் எழுதுவினைஞனாக இருந்த காலத்துப் பழக்கம், தபாலில் போடுமுன் கடிதத்தை இராஜகுமாரிக்கு உரக்க வாசித்துக் காட்டுவேன். மழையைப் பற்றி வாசிக்கும்போதே துஷானி மெத்தையை விட்டு நிமிர்ந்தாள். "மாமா, நிறுத்துங்க. மொதல்ல இருந்து. மைக்குக்குப் பக்கத்துல வந்து வாசிங்க" என்றாள். ஏன் என்று கேட்டேன். "ஆள் வந்துட்டாரு" என்றாள். வாசித்தேன். மற்றதெல்லாம் ஒரே தடவையில் ஏறிவிட்டது, தீர்ப்பு வரிக்கு வந்ததும், "இது சரியா வரல மாமா, குரல் பொய்யா இருக்கு. இன்னொருக்கா" என்றாள். இன்னொருக்கா வாசித்தேன். சத்தமாக, மெதுவாக, அதிகாரமாக, தண்ணீர் குடித்துவிட்டு, ஐந்து தடவை வாசித்துப் பார்த்தேன் அத்தான். வரவில்லை. "விடுங்க மாமா, வெட்டிரலாம்" என்று ஒரு பொத்தானைத் தட்டினாள், வரி போய்விட்டது. எனக்குக் கடதாசியில் அந்த வித்தை தெரியாது. இனி இத்தனை பக்கத்தையும் திருப்பி எழுதக் கைக்குப் பலமுமில்லை. ஆகவே நீங்களே கடைக் கத்தரிக்கோலை எடுத்து, "இந்தப் படிப்பு" என்று தொடங்கி "கூட்டிக்கொண்டு போங்கள்" வரைக்கும், உங்கள் கை தவறாத வெட்டாக, நேராக வெட்டிப் போட்டுவிடுங்கள்.